வெறுங்கையோடு வாருங்கள்

சேசு மரி சூசை துணை

ஞானஒளிவுபுரம், மதுரை
11.5.1984

மரியாதைக்குரிய விக்டோரியா மதினிக்கு,

ஆனிமேரி எழுதுவது. உங்கள் தம்பி லாசர் உயிரோடு இருக்கிறார். அதை விசாரித்து நீங்கள் ஒரு வரி எழுதவில்லை என்றாலும் சொல்வது என் கடமை.

உங்கள் கார்டு கிடைத்தது. கவரில் எழுதத் தெரியாதவர் இல்லை நீங்கள். தபால்காரர் படிக்கட்டும், பக்கத்து வீட்டு சீனியம்மாள் படிக்கட்டும் என்றுதான் கார்டில் எழுதினீர்கள். படித்தார்கள். புருஷனை நான் பட்டினி போட்டுக் கொல்லப் பார்க்கிறேன் என்பதும், திருமங்கலத்துக்கு அனுப்பாவிட்டால் ஆள் கூட்டி வந்து தூக்கிப் போவீர்கள் என்பதும் இப்போது தெரு முழுக்கத் தெரியும். நான் இதைக் கவரில் போட்டு ஒட்டி அனுப்புகிறேன். அந்த மரியாதையாவது நம் இருவரில் ஒருவருக்கு இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்களை வாசலோடு நிறுத்தியது உண்மைதான். நெஞ்சைக் கிழிச்சுட்டு வந்தவனுக்கு ஒரு வாய் எளநி குடுக்க விடமாட்டியா, நீயெல்லாம் பொம்பளையா என்று ஊரே கேட்கும்படி கேட்டீர்கள். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

மெட்ராஸில் வால்வு ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்குக் கிட்னி மந்தம். ஆபரேஷன் செய்த இதயம் கொஞ்ச நாளைக்குச் சொன்னபடி கேட்காது, கிட்னியும் சேர்ந்து படுத்துக்கொண்டால் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். இளநீரிலும் பழத்திலும் வாழைத்தண்டிலும் ஒரு உப்பு இருக்கிறதாம். நாக்குக்குத் தெரியாது. நல்ல கிட்னி அதை மூத்திரத்தில் தள்ளிவிடும். இவருடையது தள்ளாது. ரத்தத்தில் தங்கினால் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். இதை உங்களிடம் மூன்று தடவை சொன்னேன். வாழைத்தண்டு கிட்னிக்கு நல்லதாச்சே என்று சிரித்தீர்கள். நானும் முதல் வாரம் தண்டு தேடி மார்க்கெட்டுக்குப் போனவள்தான். டாக்டர் சொன்னதும் நிறுத்திவிட்டேன். நீங்கள் நிறுத்தவில்லை.

போன மாதம் நான் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போன மூன்று நாளும் நாலு மணிக்கு வந்து, இளநீரும் தண்டுச்சாறும் கொடுத்துவிட்டு, நான் வருவதற்குள் பஸ் ஏறியிருக்கிறீர்கள்; பிறகு சீனியம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் நான் வந்தபோது அவர் வேர்வையில் நனைந்து கிடந்தார். நாடி பிடித்தேன். நாலு துடிப்பு, பிறகு ஒன்றைக் காணோம், அவசரமாக இரண்டு, மறுபடி காணோம். ஆட்டோவில் அவரை மடியில் போட்டுக்கொண்டு போனேன்.

என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். கஞ்சி மட்டும்தான் என்றார் உங்கள் தம்பி. எத்தனை தடவை கேட்டும் அதே பதில். அக்காவைக் காட்டிக்கொடுக்க மாட்டாராம். மாத்திரையில் கோளாறோ என்று அவர்கள் குழம்பிக்கொண்டிருந்தபோது, துணி எடுக்க வீட்டுக்கு ஓடிவந்த நான் கொல்லையில் கோணிக்கு அடியில் வெட்டிய இளநீர்க் காய்கள் ஆறு கிடப்பதைப் பார்த்தேன். போய்ச் சொன்னேன். அதன் பிறகுதான் வேறு ஊசி போட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் நீங்கள் கார்டு எழுத வேண்டியிருக்காது, உங்களுக்குத் தந்தி வந்திருக்கும்.

அம்மா இல்லாத பிள்ளையை வளர்த்தது நான் என்று எழுதியிருக்கிறீர்கள். வளர்த்தீர்கள், யார் இல்லை என்றது? வளர்த்த அந்தக் கையாலேயே கொன்றிருப்பீர்கள். அவரை அனுப்ப மாட்டேன். யாரைக் கூட்டி வந்தாலும் மாட்டேன். உங்களை மன்னிக்கவும் இல்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

தினமும் மூன்றே முக்கால் ஆனதும் அவர் துவைத்த சட்டை கேட்கிறார். போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். யாருக்காக என்று நான் கேட்பதில்லை. ஐந்து மணிக்குக் கழற்றி, மறுநாளுக்கு ஆகும் என்று மடித்து வைக்கிறார்.

வியாழக்கிழமை மறுபடி ரத்தம் பார்க்கிறார்கள். கிட்னி தேறவில்லை என்றால் மெட்ராஸுக்கே திரும்பக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். அங்கே என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை.

அதற்குள் வாருங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்துக்காக பஸ்ஸையெல்லாம் திருப்பி விடுவதற்கு முன்னால் வாருங்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்பீர்கள். என் வீட்டுக்கு வெறுங்கையோடுதான் வர வேண்டும். பையோடு வந்தால் மறுபடியும் வாசலோடு நிறுத்துவேன், தெரு பார்க்கட்டும். கையில் ஒன்றுமில்லாமல் வந்தால், அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் எண்ணுவது எப்படி என்று சொல்லித் தருகிறேன். ஜூனில் எனக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும். பகலில் எண்ணுவதற்கு இங்கே வேறு யாரும் இல்லை.

மாதா அவரைக் காப்பாற்றட்டும். உங்களையும்தான்.

இப்படிக்கு,
ஆனிமேரி