லேஞ்சி போட்ட சீட்

ஆகஸ்ட் 14, வியாழன். குண்டசாலை.

மகள் நித்யா, தான் விரும்புற கவினோட நம்பரை இன்னைக்கு பிளாக் பண்ணிட்டா. யூடியூப்ல காதலுக்கு ஆலோசனை சொல்ற ஒரு பொம்பளை, "ஒரு வாரம் பேசாதீங்க, உண்மையான அன்புன்னா தேடி வரும்"னு சொன்னாளாம். அந்தப் பொம்பளைக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன்.

"லட்சக்கணக்கில பாக்குறாங்கம்மா."

என் பேச்சைக் கேக்கவும் ஒரு ரயில் பெட்டி நிறைய ஆள் இருந்தாங்க. நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்கு வேலைக்குப் போன காலத்துல, காதல் விஷயம்னா எல்லாப் பிள்ளைகளும் என்கிட்டதான் வருவாங்க. ஜன்னல்ல பனி, பேப்பர்ல சுத்தின சுடு வடை, கம்பளை ஸ்டேஷன் தாண்டியும் அடங்காத சிரிப்பு. இப்ப நினைச்சாலும் இனிக்குது. அதுவரைக்கும் நான் யாரையும் காதலிச்சதே இல்ல. அதை யாரும் கேக்கவும் இல்ல.

எங்க கூட்டத்துல இருந்த சாந்திக்காக, அவளை விரும்பின சேகர் தினமும் தன் லேஞ்சியை, அதான் கைக்குட்டையை, போட்டு சீட் பிடிச்சு வைப்பான். "ஒரு வாரம் அதுல உட்காராத, தவிச்சுப் போவான்"னு நான்தான் சொன்னேன். அவ நின்னுக்கிட்டே வந்தா. அவ்வளவு நெருக்கடியிலயும் சேகர் வேற யாரையும் அதுல உட்கார விடல. அஞ்சு நாளும் சீட் காலியாவே வந்தது. அடுத்த திங்கள் லேஞ்சி இல்ல. அவன் பஸ்ல போக ஆரம்பிச்சிருந்தான்.

நித்யாகிட்ட இதைச் சொன்னேன். போனைக் கீழ வச்சிட்டு, "அந்த சாந்தி ஆன்ட்டி இப்ப எப்படி இருக்காங்கம்மா?"ன்னா.

தெரியாது. விசாரிக்கணும்னு எனக்கு ஒரு நாளும் தோணினதே இல்ல.