மேடையில் ஒரு நாற்காலி

அன்பு மகளுக்கு,

"நாளைக்கு விழாவுல அடம் பிடிக்காம மேடை ஏறுங்கப்பா, அப்புறம் ஆபீஸ்ல நான் தலை காட்டணும்" என்றாய். யோசித்தேன். முடியாது.

இப்போது நீ ஆபீஸில் வேலை பார்க்கும் இந்தப் பிஸ்கட் கம்பெனியில் நானும் உன் அம்மாவும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஒன்றாகத்தான் ஓய்வு பெறுகிறோம். நடுவில் நீ நடக்கப் பழகும்வரை அவள் வீட்டில் இருந்தாள். உன்மேல் குற்றம் சொல்லவில்லை. திரும்பி வந்தவளைப் புது ஆள் என்று எழுதிக்கொண்டார்கள். அதனால் முப்பது வருடப் பாராட்டு எனக்கு மட்டுமாம்.

உன் மேனேஜர், "பெரியவரே, ஒரு நாற்காலிதான் போட்டிருக்கு" என்றார்.

"அதுல அவளை உட்கார வைங்க. ஓவன் முன்னால நின்னே பழகினவன், நான் நின்னுக்கறேன்" என்றேன்.

உன் அம்மா, "போய் வாங்கிட்டு வாங்களேன், எனக்கென்ன வந்துச்சு" என்கிறாள். சொல்லிக்கொண்டே என் சட்டையை இரண்டாம் முறை இஸ்திரி போடுகிறாள்.

உழைத்தவரைக் கம்பெனி மதிக்கத்தான் வேண்டும். அரைகுறையாக மதிப்பதற்குப் பதில் பேசாமல் இருக்கலாம்.

நாளை வருவேன். கீழே, அவள் பக்கத்தில் இருப்பேன். என்னை மட்டும் கூப்பிட்டால் எழுந்திருக்க மாட்டேன். மைக்கில் அறிவிக்கப்போவது நீதானாமே. யாரையெல்லாம் கூப்பிடுவது என்று நீயே முடிவு செய்.

உன் அப்பா