அம்மாசி அடைத்த ஓட்டை

கோத்தா கோலா மூடா,
14-8-1938, ஞாயிறு

அன்பு மகன் அய்யூபுக்கு அத்தா மீரா சாகிபு துஆவுடன் எழுதச் சொல்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வீட்டில் எல்லோரும் அல்லாவின் காவலில் இருக்கிறோம். ரங்கோனில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று ஒரு வரி வந்தால் உன் அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். கடிதம் தமிழ் எழுத்தில் இருக்கிறதே என்று திகைக்க வேண்டாம். அத்தாவுக்கு வலது கையில் லேசான சுளுக்கு, எப்போதும் போல அரபுத் தமிழில் எழுத வரவில்லை. தமிழ் எழுத்து எனக்குத்தான் ஆகாதே, அதனால் சம்சியா எழுதுகிறாள்.

அண்ணே, இதுவரை அத்தா சொன்னது. இனிமேல் அத்தா சொல்வதையும் எழுதுவேன், சொல்லாததையும் எழுதுவேன், நீங்கள் பிரித்துப் படித்துக்கொள்ளுங்கள். அத்தாவின் கையில் சுளுக்கு இல்லை. ஆவி அடித்து முழங்கை வரைக்கும் வெந்திருக்கிறது.

அத்தா வாங்கிய படகில் நான் முதலில் கவனித்தது பின்பக்கத்துக் குழாயைத்தான். விற்க வந்த துரை இஞ்சினைச் சுழற்றி விட்டதும் அந்தக் குழாய் புகையோடு தண்ணீரையும் சேர்த்துத் துப்பியது, வாய் கொப்பளிக்கிற மாதிரி, கொஞ்சம் விட்டுக் கொஞ்சம். அத்தா பாய்மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே அடுப்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். நான் கரையில் நின்றேன், அங்கேயிருந்து எனக்குத் தெரிந்தது அந்தக் குழாய் மட்டும்தான். அத்தா படகு வாங்கிய சேதியைப் போன கடிதத்தில் அரை வரியில் எழுதியதாகச் சொன்னார். சுங்கை பட்டாணிப் பக்கத்து எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போகிறார், அவருடைய உல்லாசப் படகு அது. முப்பது அடி நீளம், தேக்குப் பலகை, ஒரு பாய்மரம், இரண்டு பாய். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் உண்டு, படிக்கட்டைத் தூக்கினால் அடியில் டீசல் இஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. காற்று இல்லாதபோதும், ஆற்று வாயில் நீரோட்டம் எதிர்த்து வரும்போதும் அதை ஓட்ட வேண்டுமாம். அம்மா, மளிகைக் கடைக்காரருக்கு எதற்கு இது என்று கேட்டதற்கு அத்தா, இருபத்திரண்டு வருஷமா வாசல்ல கடல் கிடக்கு, நான் கால் நனைச்சதோட சரி, பினாங்குக்கும் லங்காவிக்கும் ஊரார் போறாங்க, நான் அவங்களுக்குக் கருவாடு கட்டிக் குடுக்குறேன் என்றார். ஆற்றுக்கரை மலாய்க்காரர்கள் அதற்குக் கப்பல் கெடை, கடைக்காரக் கப்பல், என்று பெயர் வைத்துவிட்டார்கள். அரிசி இருக்கா, புளி இருக்கா என்று தினமும் கரையிலிருந்து கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அத்தாவும் இருக்குலா, கடன் இல்லலா என்று பதில் கொடுக்கிறார்.

துரை அரை நாள் நின்று மலாயில் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். அத்தா எல்லாவற்றுக்கும் பாயிக் துவான், பாயிக் துவான், சரிங்க துரை, என்று தலையாட்டினார். இஞ்சினுக்குப் பக்கத்தில் தரைப்பலகையைத் தூக்கினால் ஒரு பித்தளைக் குழாய்த் திருகு இருக்கிறது, இஞ்சினைக் கிளப்பும் முன் இதைத் திறக்க வேண்டும், நிறுத்திய பின் மூட வேண்டும் என்று துரை மூன்று முறை சொன்னார். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, அத்தாவும் கேட்கவில்லை. ஆனால் அத்தா அதை ஒரு நாளும் மறந்ததில்லை, பிஸ்மி சொல்லித்தான் திறப்பார். இஞ்சினைப் பற்றி இங்கிலீஷில் ஒரு புத்தகமும் தந்துவிட்டுப் போனார் துரை, அது கல்லாப் பெட்டிமேல் இருக்கிறது, படிக்க ஆள் இல்லை.

படகு வைத்திருப்பது மாடு வைத்திருப்பதைவிட வேலை, அண்ணே. பாய் ஈரத்தோடு மடித்தால் கறுப்புப் புள்ளி விழுகிறது, மழை விட்டதும் விரித்துக் காயவைக்க வேண்டும். கடலுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். டீசல் பீப்பாயில் மழைத்தண்ணீர் கலந்திருக்கும் என்று அம்மா தன் வெள்ளை மல் துணியை இரண்டாக மடித்துத் தேங்காய்ப்பால் வடிகட்டுகிற மாதிரி வடிகட்டித் தருகிறார்கள். எனக்கு ஒதுக்கிய வேலை பித்தளை. புளியும் சாம்பலும் போட்டு வாரம் ஒரு முறை எல்லாப் பித்தளையையும் தேய்க்கிறேன். அந்தத் திருகையும் தேய்த்தேன். அதிலிருந்து ஒரு குழாய் இஞ்சினுக்குப் போகிறது, இன்னொரு முனை நேராகக் கீழே இறங்கி அடிப்பலகைக்குள் போகிறது. அதற்குக் கீழே கடல்தான்.

போன அமாவாசைக்குத் தண்ணீர் நன்றாக வற்றியபோது படகை மணல் திட்டில் சாய்த்துப் போட்டு அடிப்பக்கத்தைச் சுரண்டினார்கள். ஒட்டியிருந்த சிப்பி இரண்டு கூடை வந்தது. அந்த வேலைக்கு அத்தா அம்மாசியைக் கூப்பிட்டார். அம்மாசியை உங்களுக்குத் தெரியாது, நீங்கள் போன பிறகு வந்தவர், நாகப்பட்டினத்தில் தோணிக்குக் கலப்பத்து அடித்தவர், ரப்பர்ப் பால்மரம் வெட்டப் பிடிக்காமல் எஸ்டேட்டை விட்டு இங்கே மீன்காரர்கள் படகுக்குப் பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் குங்கிலியம் பூசிக்கொண்டிருக்கிறார். நல்ல கை, அவர் பூசிய படகில் ஒரு சொட்டு ஏறாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டு நாள் வேலை. முடித்துவிட்டுச் சாப்பிட வந்தவர், பாய், வெள்ளைக்காரன் தலையெழுத்து நல்லா இருந்திருக்கு, அடியில ரெண்டு விரல் போற ஓட்டை, அதுக்கு ஒரு சல்லடைத் தகடு வேற அடிச்சு வச்சிருக்கான், இத்தன வருஷம் அதோடயே ஓட்டியிருக்கான், தகட்டப் பேத்துட்டு ஆப்பு வச்சு அடச்சுக் குங்கிலியம் பூசிட்டேன், இனி உங்க பேரப்பிள்ளை காலத்துக்கும் ஒழுகாது என்றார். அத்தா மகிழ்ந்து போய் அவருக்கு இன்னொரு துண்டு இறைச்சி வைக்கச் சொன்னார். நான்தான் கொண்டுபோய் வைத்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அதுவரை அத்தாவே இஞ்சினைக் கிளப்பிக் கரையோரமாக ஓட்டிக்கொண்டிருந்தார், அடிப்பக்கம் பூசிய பிறகு இஞ்சின் ஓட்டவென்றே ராமையா வந்தார். செர்டாங் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் ஷீட் அழுத்தும் இஞ்சினை இருபது வருஷம் ஓட்டியவர். எஸ்டேட் இஞ்சினுக்குப் பக்கத்தில் பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்கும், காலையில் தொட்டியை நிரப்பினால் சாயந்தரம் வரை கவலையில்லை. இங்கே தொட்டி எங்கே என்று தேடினார், காணோம். அம்மாசி படகில் ஏறிக்கொண்டே, என்ன கங்காணி, கடல் மேலயே தண்ணி தேடுறீரு என்று கேலி செய்தார். இது புது மாடல், உள்ளுக்குள்ளேயே தண்ணி வச்சுக் கட்டியிருப்பான், உனக்கு என்ன தெரியும், நீ பஞ்சத் திணி என்றார் ராமையா. எல்லோரும் சிரித்தார்கள். அத்தா பிஸ்மி சொல்லித் திருகைத் திறந்தார், ராமையா சுழற்றினார், இஞ்சின் ஒரே சுற்றில் கிளம்பியது. அம்மாவும் நானும் பின்பக்கம் உட்கார்ந்திருந்தோம். நான் குழாயைப் பார்த்தேன். புகை வந்தது. தண்ணீர் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வரும் என்று நினைத்தேன். சேற்றுத் திட்டைத் தாண்டினோம், மீன் கிடங்கைத் தாண்டினோம், அப்போதும் வறண்ட புகைதான். சத்தமும் மாறி, தகரத்தில் தட்டுகிற மாதிரி கேட்டது. சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. முன்னால் ராமையா, அம்மாசி, கடை ஆட்கள் என்று அத்தனை ஆண்கள். அம்மாவிடம் மட்டும் மெதுவாக, தண்ணி வரலம்மா என்றேன். அம்மா தாகம் என்று நினைத்துக்கொண்டு கூஜாவை எடுத்துக் கொடுத்தார்கள். நான் குடித்தேன்.

ஆற்று வாயைத் தாண்டியதும் பெயிண்ட் கருகுகிற வாடை வந்தது. ராமையா படிக்கட்டைத் தூக்கினார், இஞ்சினிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. உள்ளே தண்ணி குறைஞ்சிருக்கும், மூடியைத் திறந்து ஊத்துவோம் என்றார். அத்தா தோள் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மேலே இருந்த மூடியைத் திருகினார். மூடி பறந்தது. அத்தா கையைக் கடலில் விட்டுக்கொண்டு குனிந்தே இருந்தார். இஞ்சின் தானாக நின்றுவிட்டது. நல்லவேளை, கரையை நோக்கிக் காற்று இருந்தது, மீன்பிடிக்கிற மலாய்க்காரர் இருவர் ஏறி வந்து பாயை ஏற்றிக் கொடுத்தார்கள், நீரோட்டம் திரும்பியதும் உள்ளே வந்தோம். எஸ்டேட் டிரெஸ்ஸர் வந்து கட்டுப் போட்டார். பதினைந்து நாள் கை நனையக் கூடாதாம். தொழுகைக்கு ஒளு எடுக்க அம்மாதான் உதவுகிறார்கள்.

இது நடந்து பத்து நாள் ஆகிறது. அன்று முதல் நம் கடைவாசலில் பேச்சு இதுதான். ராமையா டீசல் சரியில்லை என்கிறார், அம்மாசி ஊர்க் கண் என்கிறார். ராமையா இஞ்சின்மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியிருக்கிறார், அத்தா பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதி வாங்கிய தாயத்தைப் பாய்மரத்தில் கட்டியிருக்கிறார். இரண்டு நாள் ஆறவிட்டுச் சுழற்றிப் பார்த்ததில் இஞ்சின் சுற்றியது, நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடியது. ராமையா, பாத்தீங்களா பாய், களைச்சுப் போச்சு, ஓய்வு கேட்டுச்சு, அவ்வளவுதான், எஸ்டேட்லயும் மத்தியானம் ஒரு மணி நேரம் நிறுத்துவோம்லா என்றார். அன்றும் நான் கரையில் நின்று குழாயைப் பார்த்தேன். தண்ணீர் வரவில்லை. அன்றும் யாரிடமும் சொல்லவில்லை.

லங்காவியில் கதீஜா அக்காவுக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். லங்காவி குவாவிலிருந்து கோலா கெடாவுக்குச் சரக்குப் படகு வருகிறது, மச்சான் அதில் ஏற்றி அனுப்புவதாகத்தான் எழுதியிருந்தார். ஆட்டோடும் கருவாட்டு மூட்டையோடும் என் மகள் உட்கார்ந்து வர மாட்டாள், சொந்தப் படகில் மெத்தை போட்டுக் கூட்டி வருவேன் என்று அத்தா பதில் எழுதிவிட்டார். வருகிற வியாழக்கிழமை அதிகாலை கிளம்புகிறார்கள், அத்தா, அம்மா, ராமையா, பாய் பிடிக்க ஒரு மலாய்க்காரர். போக ஒரு பகல் ஓர் இரவு, வரவும் அப்படி. இது சுமாத்ரா காற்று அடிக்கிற மாதம், திடீரென்று கறுத்து வரும். அப்போது பாயை இறக்கிவிட்டு இஞ்சினை நம்பித்தான் தீவுக்குள் ஒதுங்க வேண்டுமாம், மலாய்க்காரர் சொன்னார். அத்தா, அதுக்குத்தானே இஞ்சின் இருக்கு என்றார்.

உங்களிடம் கேட்க வேண்டியது இது. நீங்கள் ஐராவதியில் ஸ்டீமர் இஞ்சின் அறையில் நிற்கிறவர். அந்த ஓட்டை இஞ்சின் கடல் தண்ணீரைக் குடிப்பதற்காக வைத்த ஓட்டைதானா. மீன்காரர்கள் படகில் இஞ்சின் கிடையாது, அடியில் ஓட்டை இருந்தால் அடைப்பதுதான் அம்மாசிக்குத் தெரியும். எஸ்டேட் இஞ்சின் தொட்டியில் குடிக்கும், ராமையாவுக்கு அதுதான் தெரியும். எனக்கு இரண்டும் தெரியாது, ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பித்தளை தேய்த்ததிலும் குழாயைப் பார்த்ததிலும் சேர்த்துப் பார்த்துச் சொல்கிறேன், தவறாக இருந்தால் சிரிக்காதீர்கள். ஆனால் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் வியாழன் போய் ஒரு வாரம் ஆகியிருக்கும், பதில் வர இன்னும் அவ்வளவு நாள் ஆகும். எழுதிக்கொண்டு வரும்போதுதான் அது எனக்கு உறைத்தது.

மற்றபடி, அத்தா எழுதச் சொன்னவை. அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. ஜித்ராவில் கடை வைத்திருக்கும் ஹனீபா மாமா வீட்டில் அவர் மகனுக்குப் பெண் பேசி முடித்துவிட்டார்கள், பெருநாளுக்குப் பிறகு நிக்காஹ், நீ விடுப்புக் கேட்டு வைக்க வேண்டும். ரங்கோன் மழையில் ஈரச் சட்டையோடு தூங்காதே. இஞ்சின் அறைச் சூட்டிலிருந்து வந்ததும் பச்சைத் தண்ணீர் குடிக்காதே. ஐந்து வேளை தொழுகையை விடாதே, வேலை நேரத்தில் தவறினால் சேர்த்துத் தொழுதுகொள். படகைப் பற்றிக் கேட்டால் சிறப்பாக ஓடுகிறது என்று எழுது என்றார், எழுதிவிட்டேன். அல்லா உன் ஆயுளையும் உழைப்பையும் விரிவாக்கித் தருவானாக, உன்னை முகம் பார்க்கும் நாளை அவன் சீக்கிரம் தருவானாக. அம்மா தனியாகச் சொன்னது ஒன்று, போன முறை அனுப்பிய மாசித் தூள் வந்து சேர்ந்ததா என்று எழுத மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
உன் அத்தா மீரா சாகிபு,
கையெழுத்து: தங்கை சம்சியா.

அண்ணே, உறையில் போடப் போகும்போது அத்தா வந்து, நான் சொன்னது பத்து வரிதானே, நீ இத்தனை தாள் என்ன எழுதினாய் என்று கேட்டார். காதில் விழுகிற தூரத்தில், கடையில் ராமையாவும் அம்மாசியும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்று முதல் தாளிலிருந்து எல்லாவற்றையும் அத்தாவிடம் சத்தமாக வாசித்தேன்.