அக்காவின் ஜாக்கெட்டில் பதினேழு நிமிடம்

மார்ச் 4, புதன்

உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு. இன்று காலை ஏழு நாற்பதுக்கு, குளியலறைக் கண்ணாடியின் முன்னிலையில், என் மேலுதட்டின் பதினோராவது முடி உதயமானது. விழாவுக்கு வந்த ஒரே விருந்தாளி அக்கா. "அது முடி இல்லடா, பேஸ்ட். கழுவு" என்று வாழ்த்திவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அக்காவுக்கு சூப்பர் மார்க்கெட்டில் செக்யூரிட்டி வேலை. சாயங்காலம் பேனா வாங்கப் போனபோது அவளை வேலையில் பார்த்தேன். ஒருவர் சட்டைக்குள் ஷாம்பு பாட்டிலைச் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்கிறார். அக்கா ஓடவில்லை, கத்தவில்லை. பக்கத்தில் போய் நின்று, "சார், ஒண்ணுக்கு பில் போட மறந்துட்டீங்க போல" என்றாள். அவர் வெளிறிப்போய், "போலீஸ் மேடம், மன்னிச்சிருங்க" என்று குழறினார். "நான் போலீஸ் இல்ல சார், கடை செக்யூரிட்டி."

சும்மா கிடைத்த பதவி உயர்வை வேண்டாம் என்கிற ஒரே பிறவி இவள்தான். ஆனாலும் அந்த ஆள் பாட்டிலை எடுத்து நீட்டிய பணிவு இருக்கிறதே! அப்பா விரட்டும்போதுகூட நான் அப்படிப் பணிந்ததில்லை.

மார்ச் 8, ஞாயிறு

எங்கள் குடியிருப்பில் ஒரே மாதத்தில் மூன்று சைக்கிள் காணோம். மொட்டை மாடியில் கூட்டம். கீழ்வீட்டு மாமாதான் தலைமை. வாட்ஸப் குழுவை நடத்துவதால் அவருக்கு நான் வைத்த பெயர் தலைமைச் செய்தியாளர்.

"கையில சிக்கினான்னா கட்டி வச்சு நாலு சாத்து சாத்தணும்!"

எல்லோரும் தலையாட்ட, அக்கா எழுந்தாள்.

"திருடறதை நம்ம கண்ணால பார்த்திருந்தா பிடிச்சு நிறுத்தலாம் மாமா. உடனே போலீசுக்குச் சொல்லி ஒப்படைச்சிடணும். அடிக்கறது, பையைக் குடையறது, ரூம்ல போட்டுப் பூட்டறது எதுவும் கூடாது. வெறும் சந்தேகம்னா கையே வைக்கக் கூடாது. போன் போடலாம்."

"அப்ப நாம எதுக்கும்மா இருக்கோம்?"

"பார்க்கறதுக்கு."

தலைமைச் செய்தியாளருக்கே செய்தித் தட்டுப்பாடு. என் அக்காடா!

மார்ச் 9, திங்கள்

அக்கா குளிக்கும்போது அவள் செக்யூரிட்டி ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடிக்கே வியர்த்தது.

மார்ச் 12, வியாழன்

சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும். பள்ளி அரைநாள். அக்கா லீவு, பல் டாக்டரிடம் போயிருந்தாள். ஜாக்கெட் மட்டும் ஆணியில் சும்மா தொங்கியது. மாட்டிக்கொண்டு சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு ரோந்து போனேன். அங்கே ஒருவன், ஐந்தாம் மாடிக்காரரின் கியர் சைக்கிள் பூட்டை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தான்!

"போலீஸ்! அசையாதே!" கர்ஜித்தேன். நூலக அட்டையை ஒரு வீசு வீசிக் காட்டினேன். காலரைப் பிடித்து மோட்டார் அறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டேன். பதினேழு நிமிடம் காவல். தலைமைச் செய்தியாளர் ஓடி வந்து ஜன்னல் கம்பி வழியாகப் படம் எடுத்துக் குழுவில் போட்டார்: திருடன் பிடிபட்டான். அதன் கீழே நான், 'கியர் சைக்கிள் பூட்டை அறுக்கும்போது என் கண்ணாலேயே பார்த்தேன்' என்று போட்டேன். இருபத்தாறு கட்டைவிரல்!

அப்புறம் அக்கா வந்தாள்.

இதற்கு மேல் இன்று கை ஓடவில்லை.

மார்ச் 13, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள். கன்னம் வீங்கியிருந்தது, மரப்பு ஊசியால் வாய் கோணியது. அப்படியும் ஒவ்வொரு சொல்லும் தெளிவு.

"ஐயா, வெளிய வாங்க. நான் போலீஸ் இல்ல. இவனும் போலீஸ் இல்ல. உங்களை யாரும் பிடிச்சு வைக்க முடியாது. நீங்க இப்பவே போகலாம். இருக்கணும்னா உட்காருங்க, தண்ணி கொண்டு வரேன்."

அவர் பூட்டுக்காரர். இரண்டாம் மாடி டீச்சரம்மா சைக்கிள் சாவியைத் தொலைத்துவிட்டு அவரை வரச்சொல்லியிருக்கிறார். மோட்டார் அறைக் கதவின் கீல் உள்பக்கம்தான் இருக்கிறது. நான்கு திருகாணி. அவர் பையில் திருப்புளி.

"அப்ப ஏன் கழட்டிட்டு வரல?" என்று உளறினேன்.

"போலீஸ்னு சொன்னியே தம்பி."

அக்கா என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாள். "அந்தக் கியர் சைக்கிள்ல அவர் கை வச்சதை நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"சரி."

நம்பிவிட்டாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 14, சனி

அப்பாவும் அக்காவும் என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். அது அக்காவின் யோசனை. யாரும் கூப்பிடும் முன்பே.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி என் நூலக அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போலீஸ்னு சொல்லி ஒருத்தரை நிறுத்தறது விளையாட்டு இல்ல, குற்றம். பூட்டி வச்சது தனிக் குற்றம். உன் வயசு உன்னைக் காப்பாத்துது."

பூட்டுக்காரரும் வந்திருந்தார். "கேஸெல்லாம் வேண்டாம் மேடம். அந்தப் படத்தை அழிக்கச் சொல்லுங்க. திருடன்னு பேர் வந்துட்டா எந்த வீட்டுல என்னைக் கதவைத் தொட விடுவாங்க?"

எச்சரித்து எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அங்கிருந்து அக்கா நேரே கடைக்குப் போய், தன் ஜாக்கெட் என்ன செய்தது என்று தானே சொல்லிவிட்டாள். ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்றார்களாம். வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டைத் துவைத்துக் காயப்போட்டாள்.

மார்ச் 17, செவ்வாய்

படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பேச்சு போகவில்லை. பூட்டு மாற்ற அவரைக் கூப்பிட்டிருந்த இரண்டு வீடுகள் வேண்டாம் என்றுவிட்டனவாம். டீச்சரம்மா தான்தான் வரச்சொன்னதாகக் குழுவில் எழுதினார். அதற்குத் தலைமைச் செய்தியாளரின் பதில்: "உங்க சைக்கிளுக்கு வந்தவர் பக்கத்து சைக்கிளை ஏன் தொடணும்? பையன் கண்ணால பார்த்திருக்கானே!"

பையன். கண்ணால.

மார்ச் 18, புதன்

குழுவைத் திறந்து திறந்து மூடினேன்.

மார்ச் 20, வெள்ளி

முதல் வரைவு: 'சிறு தவறு நேர்ந்துவிட்டது.' அக்காவிடம் காட்டினேன். "நேர்ந்துச்சா? யாரு செஞ்சது?" என்று போனைத் திருப்பித் தந்தாள். அப்போதுதான் அவளிடம் முழுசாகச் சொன்னேன்.

குழுவில் போட்டது இது:

'நான் பார்க்கவில்லை. பூட்டுக்காரர் எந்தச் சைக்கிளையும் தொடவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பையில் ரம்பத்தின் நுனி தெரிந்தது. அது ஒன்றைத்தான் பார்த்தேன். மீதி எல்லாம் நான் கட்டிய கதை. கியர் சைக்கிள் என்றால் கேட்க நன்றாக இருக்கும் என்று சேர்த்தேன்.'

கட்டைவிரல் ஒன்றும் வரவில்லை. அக்கா படித்துவிட்டு, "எழுத்துப்பிழை இல்ல" என்றாள். அவளிடம் இது பாராட்டு. வேறு யார் கையிலிருந்தும் இருபத்தாறு வந்தாலும் ஈடாகாது.

மார்ச் 28, சனி

அக்கா போன திங்களிலிருந்து மறுபடி வேலைக்குப் போகிறாள். இன்று காலை கீழே திருகாணி முறுக்கும் சத்தம். தலைமைச் செய்தியாளர் வீட்டுக் கதவுக்குப் பூட்டுக்காரர் புதுப் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தார். மாமா பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார். நான் படியிறங்கும்போது பூட்டுக்காரர் நிமிர்ந்து, "ஸ்கூல் இல்லையா தம்பி?" என்றார். சனிக்கிழமை என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

இந்த நோட்டில் இன்னும் ஒரு பொய் மிச்சம் இருக்கிறது. நான் கர்ஜிக்கவில்லை. குரல் உடைந்து பூனைக்குட்டி மாதிரிதான் வந்தது. காலரைப் பிடிக்கவும் இல்லை, எனக்கு எட்டாது. போலீஸ் என்றதும் அவராகவே எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எங்க வரணும் சார்?" என்றார். என்னைப் போய், சார். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. கண்ணில் பட்ட கதவைக் காட்டினேன். அவர் உள்ளே போனார். எனக்குப் பயமாக இருந்தது, தாழ்ப்பாள் போட்டேன்.