இனியாவின் சுருள்முடியை நேராக்கச் சொல்கிறார்கள், தங்கையே

என் உயிரோடு ஒட்டிப் பிறந்த தங்கை சுகந்திக்கு,

உன்னை அழைத்தே தொடங்குகிறேன். ஆனாலும் இம்மடலை நீ மட்டும் கேட்டால் போதாது. நோர்வேயின் ஒஸ்லோவிலும் லோறென்ஸ்கூக்கிலும் திராமனிலும் வாழும் என் தமிழ் உறவுகளே, பிள்ளைகளை நடன வகுப்புக்கு அழைத்துவரும் பெற்றோரே, கலைமாலைக்கு அரங்கம் அமைக்கும் பெரியோரே, நீங்களும் அருகிருந்து கேளுங்கள். மறைந்த என் தங்கையிடம் ஒரு முறையீடு வைக்கிறேன். அது உங்களைப் பற்றியது.

வரும் கலைமாலையில் ஆடவிருக்கும் பெண்பிள்ளைகள் அனைவரும் தலைமயிரை நேராக்கிப் படிய வாரி, சவுரி சேர்த்துப் பின்னி வரவேண்டும் என்று ஒப்பனைப் பிரிவினர் அறிவித்திருக்கின்றனர். அந்த வரிசையில் நேராகாத தலைமயிர் கொண்ட பிள்ளை ஒருத்திதான். அவள் உன் மகள் இனியா. ஆப்பிரிக்காவின் கம்பியாவில் பிறந்த தகப்பனின் கறுப்பு அடர்சுருளைத் தலைநிறையச் சுமந்து, உன் நெற்றியோடும் உன் கண்ணோடும் நிற்கிறாள்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் கணவர் லாமின் இன்னமும் நிலக்கீழ்த் தொடருந்து ஓட்டுகிறார். நீ கற்றுக்கொடுத்த யாழ்ப்பாணத் தமிழை அவர் கைவிடவில்லை. வாசலில் நின்று காலணியைக் கழற்றும்போதே "அக்கா, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்கிறார். கிழமை இறுதிகளில் அவருக்குப் பணி இருப்பதால் இனியா எங்கள் வீட்டில் தங்குகிறாள். பெரியப்பாவோடு சதுரங்கம் ஆடி, அவரை ஏமாற்றி வெல்கிறாள். அவர் தெரிந்தே தோற்கிறாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நீ இருந்த காலத்தில் அவள் தலையை நீ எப்படிப் பேணினாய் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்கு வரும்போது அவள் பின்னல்கள் மணி கோத்தாற்போல் இருக்கும். அழகாயிருக்கிறது என்போம், உணவுக்கு அமர்ந்துவிடுவோம். நீ போன பிறகு ஒஸ்லோவின் குறோன்லாந்துப் பகுதியில், தலை பின்னிவிடும் கடை ஒன்றில் அதைப் பார்த்துக்கொண்டார்கள். சென்ற இலையுதிர் காலத்தில் அந்தக் கடையும் மூடப்பட்டது. அப்படித்தான் அந்தத் தலை என் கைக்கு வந்தது.

லாமினிடம் கேட்டேன். மழித்த தன் தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "எனக்குத் தெரிஞ்ச தலை இது ஒண்டுதான் அக்கா. எங்கடை வீட்டிலை அம்மாவும் அக்காமாரும் அறைக்குள்ளை இருந்து செய்வினம். நாங்கள் பெடியள் பந்தடிக்கப் போயிடுவம்."

எனவே எனக்குத் தெரிந்ததை நான் செய்தேன். நம் வீடுகளில் பிள்ளைக்கு எப்படி முழுக வார்ப்பார்களோ அப்படியே வார்த்தேன். நல்லெண்ணெயைச் சூடாக்கி உச்சியில் வைத்துத் தேய்த்தேன். பின்பு அந்த எண்ணெய் போகவேண்டும் என்று, வீட்டிலிருந்ததில் நன்றாக நுரைக்கும் சாம்பூவை ஊற்றிக் கழுவினேன். கதவுக்கு வெளியே நின்று உன் அத்தான் துணைக்குரல் கொடுத்தார். "இன்னொருக்காப் போடுமப்பா. எண்ணெய் நிண்டால் பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கும்."

இன்னொரு முறையும் போட்டேன். தலைமயிரை விரலால் உருவினால் கீச்சென்று ஒலிக்கவேண்டும், அதுவே தூய்மையின் அடையாளம் என்றல்லவா நாம் வளர்ந்தோம்? ஒஸ்லோவின் மென்னீரில் நுரை மலைபோல் எழுந்தது, நான் மகிழ்ந்தேன். துவட்டி, காயவிட்டு, சீப்பை வைத்தேன். வெளியே பனி. உள்ளே சூடேற்றியின் வறண்ட காற்று. ஈரமெல்லாம் இழந்த அந்தத் தலை தும்புக் கற்றைபோல் இறுகிக் கிடந்தது. சீப்பின் பல் முறிந்தது. முறிந்த பல்லோடு மயிரும் வந்தது.

இனியா அழவில்லை. "பெரியம்மா, இது எவ்வளவு நேரம் நோகும்?" என்று மட்டும் கேட்டாள்.

சீப்பைக் கீழே வைத்தேன். அப்போது அவளே சொன்னாள். "அம்மாவின்ரை சாம்பூ நுரைக்கிறேல்லை. பால் மாதிரி வடியும்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடப் புறப்பட்டோம். மருந்தகங்களிலும் பேரங்காடிகளிலும் சாம்பூப் புட்டிகள் சுவர் நிறைய நிற்கின்றன, சுகந்தி. மெல்லிய முடிக்கு ஒன்று, எண்ணெய் வழியும் முடிக்கு ஒன்று, சாயம் பூசிய முடிக்கு ஒன்று. அத்தனைக்கும் நடுவே உன் மகளின் தலைக்கு எத்தனை இருந்தன என்று நினைக்கிறாய்? இந்நாட்டில் பிறந்து இந்நாட்டுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை, தனக்கான புட்டியைத் தேடிக் கடைசித் தட்டின் மூலைக்குக் குனிய வேண்டியிருக்கிறது.

நோர்வே மொழிச் சிற்றெழுத்துகளை அவள் படித்தாள், நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். மிகுதியாக நுரையெழுப்பும் சல்பேட்டு வகைகள் இத்தகைய சுருளின் இயற்கை நெய்யை உரித்துவிடும் என்று சிறிது சிறிதாக அறிந்துகொண்டோம். சுருளின் வளைவுகள் வழியே உச்சியின் நெய் நுனிவரை இறங்குவதற்குத் திணறுகிறது. இறங்கிய கொஞ்சத்தையும் கழுவி எறிந்தால் மயிர் எதைக்கொண்டு வாழும்?

சாம்பூவுக்கு நான் வைத்த 'கூந்தற்கழுவி' என்ற பெயரை அவள் ஏற்கவில்லை. "பெரியம்மா, அது மெசின் மாதிரிக் கேக்குது" என்றாள். நம் விழா மேடைகளில் பேசி எத்தனையோ எதிர்ப்புகளைச் சந்தித்தவள் நான். அன்று பணிந்தேன்.

சுருள்முடிப் பெண்ணின் படம் போட்ட புட்டி ஒன்றை முதலில் வாங்கினோம். உள்ளங்கையில் விட்டதுமே பொங்கியது. குழந்தைகளுக்கான சாம்பூ குறைவாக நுரைத்தது, ஆயினும் காய்ந்தபின் வைக்கோலைத் தொட்டதுபோல் இருந்தது. கடைசியில், ஆப்பிரிக்கப் பொருள்கள் விற்கும் ஒரு கடைக்கு லாமினும் எங்களோடு வந்தார். அங்கே ஒரு முழுச்சுவர் அவளுக்காகக் காத்திருந்தது. இனியா வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய தலைபோன்ற தலைகள் அத்தனை புட்டிகளிலும் சிரித்துக்கொண்டிருந்தன.

லாமின் ஒன்றை எடுத்தார். "இதிலை சிங்கம் கிடக்கு. பலமான சாமானா இருக்கும்."

"அப்பா, அது தாடிக்குப் பூசிறது."

"எனக்குத் தாடி இருக்குத்தானே."

"அப்ப நீங்கள் சிங்கத்தை எடுங்கோ. நான் என்ரையைத் தேடுறன்."

ஒவ்வொரு புட்டியாகத் திருப்பிப் படித்தாள். மணம் பார்க்க வைத்திருந்தவற்றை மூடி திறந்து முகர்ந்தாள், மூடினாள். கடைசியில் ஒன்றிலிருந்து ஒரு துளியைப் புறங்கையில் விட்டுத் தேய்த்தாள். வெண்மையாக, தயிரின் ஆடைபோல் பரவியது. நுரை இல்லை. அவள் தகப்பனிடம் கையை நீட்டினாள். அவர் முகர்ந்தார். அந்தப் புட்டியைக் கூடைக்குள் வைத்துவிட்டு, அடுத்த அடுக்கைப் பார்ப்பவர்போல் திரும்பி நின்றார். அது நீ வாங்கிய அதே சாம்பூதானா என்று நான் கேட்கவில்லை. நீயாவது சொல்வாயா?

இனி நான் சொல்லப்போவதற்குச் சான்று என் கண்கள் மட்டுமே.

அன்று அவள் தலையை நான்காகப் பிரித்துக் கவ்விகளால் பிடித்துவைத்தோம். சாம்பூவை உச்சித்தோலில் மட்டும் விரல்நுனியால் தடவிக் கழுவினேன். பின்பு கண்டிசனரைப் பூசி, ஈரம் குறையாதபடி நீர் தெளித்துத் தெளித்து, நுனியிலிருந்து மேல்நோக்கி விரலாலேயே சிக்கெடுத்தேன். தும்பாய்க் கிடந்த கற்றை என் விரலுக்கிடையே திறந்துகொண்டது. ஒன்று பத்தாகப் பிரிந்தது. பிரிந்த ஒவ்வொன்றும் தனக்கென ஒரு திருகு கொண்டு, நீர்த்துளியைத் தன் வளையத்துக்குள் ஏந்தி நின்றது.

ஒரு சுருளை மெல்ல இழுத்தேன். அது நீண்டது. தோளைத் தொட்டது, தோளைத் தாண்டியது, நடுமுதுகில் போய் நின்றது. கையை விட்டேன். ஒரு நொடியில் மேலேறிக் காதோரம் தன் இருப்பிடத்தில் அமர்ந்துகொண்டது. மீண்டும் இழுத்தேன். மீண்டும் நடுமுதுகு. இந்தப் பிள்ளைக்கு மயிர் நீளமில்லை என்று சொன்னவர்கள் எத்தனை பேர்! இவ்வளவு நீளத்தை இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் அடக்கிவைக்க எந்தக் கைக்குத் தெரிந்திருந்தது?

மலையையும் கடலையும் மேடையில் பாடியிருக்கிறேன், தங்கையே. ஒரு குளியலறையில், ஒரு குழந்தையின் தலைக்குப் பின்னால், வாய் திறந்து நின்றேன். "பெரியம்மா, முடிஞ்சுதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். முடிந்துதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டும் போலிருந்தது.

காயக் காய அது எழுந்தது. நாற்புறமும் விரிந்து, சாளரத்து ஒளியை உள்ளே விட்டு, கருமுகில் ஒன்று அவள் தலையில் வந்து தங்கியதுபோல் நின்றது. நம் பழம்புலவர்கள் ஆற்று அறலைக் கூந்தலுக்கு உவமை சொன்னவர்கள். நீரோட்டம் கருமணலில் எழுதிய நெளிவைத்தான் அறல் என்றார்கள். சுரிகுழல் என்று சுருளைப் போற்றிய மொழி நம்முடையது. நேர்கோடு மட்டுமே அழகு என்று நமக்கு யார் சொல்லித்தந்தார்? எப்போது நம்பத் தொடங்கினோம்?

அதைவிடப் பெரிய வியப்பு நீ. ஒரு சீப்போடும் ஒரு போத்தல் எண்ணெயோடும் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண், இவை அனைத்தையும் யாரிடம் கற்றாய்? உன் பணிநேரத்துக்கும் சமையலுக்கும் நடுவே, ஒவ்வொரு கிழமையும், ஒவ்வொரு சுருளாக எடுத்து நீ நீவிய பொறுமையை நாங்கள் ஒருநாளும் காணவில்லை. விரிந்த அந்தக் கூந்தலைக் கண்டபோதுதான் உன் கை எவ்வளவு பெரியது என்று கண்டேன்.

அந்த முகிலோடுதான் அவள் சென்ற ஞாயிறு ஒத்திகைக்கு வந்தாள். ஒப்பனைக்குப் பொறுப்பான வசந்தா ஓடிவந்து, கேட்காமலே கையை உள்ளே விட்டுப் பார்த்தார். "பஞ்சு மாதிரிக் கிடக்கு" என்றார். வேறு இரு தாய்மாரும் வந்து தொட்டார்கள். இனியா கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டாள்.

வசந்தா கெட்டவர் அல்லர். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கூலி வாங்காமல் ஒப்பனை செய்பவர். கைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து என் கையில் வைத்தார்.

"அக்கா, இந்தக் கிறீமைப் பூசி விட்டால் நேராகிடும். நான் நல்லதுக்குத்தான் சொல்லுறன். சவுரி நிக்க வேணுமெல்லோ? வரிசையிலை ஒரு பிள்ளை மட்டும் வேறை மாதிரி நிண்டால் சனம் ஆட்டத்தைப் பாக்காது, தலையைத்தான் பாக்கும்."

"அப்ப சனத்தின்ரை கண்ணுக்கெல்லோ கிறீம் பூச வேணும், வசந்தா."

"உங்களோடை மேடையிலையே கதைக்கேலாது. இஞ்சை எப்பிடிக் கதைக்கிறது" என்று சிரித்தார். அருகிலிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் வென்றுவிட்டதாக எண்ணிச் சிரித்தேன். குப்பி என் கையிலேயே இருந்தது.

வீடு திரும்பும் வழியில், வாகனத்தின் பின்னிருக்கையிலிருந்து உன் மகள் கேட்டாள். "பெரியம்மா, அந்தக் கிறீமைப் பூசினால் நான் தமிழ்ப்பிள்ளை மாதிரி இருப்பனா?"

லோறென்ஸ்கூக்கின் வட்டச்சந்திகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. என் அமைதியை அவள் தன்போக்கில் விளங்கிக்கொண்டாள். "பரவாயில்லை. நான் ஆடேல்லை. திரைக்குப் பின்னுக்கு நிண்டு மற்றப் பிள்ளையளுக்குச் சலங்கை கட்டிவிடுறன்" என்றாள்.

உறவுகளே, கேட்டீர்களா? தமிழில் கனவு காணும் பிள்ளை, தமிழில் சண்டை பிடிக்கும் பிள்ளை, தான் தமிழ்ப்பிள்ளை ஆவதற்கு ஒரு குப்பி மருந்து வேண்டுமோ என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியை அவளுக்குள் வைத்தவர்கள் வெள்ளையர் அல்லர், நாம். நம் நிறத்தையும் பெயரையும் பிறர் ஏளனம் செய்தபோது எரிந்தோமே, அந்த எரிவு இப்போது எங்கே போயிற்று?

சுகந்தி, உனக்கு வாக்களிக்கிறேன். அந்தக் குப்பி இனியாவின் தலையைத் தொடாது. சனிக்கிழமைதோறும் அவள் சுருள்களை நீ நீவியதுபோல் நீவக் கற்றுக்கொள்வேன். தவறினால் திருத்த அவளே இருக்கிறாள். அவள் ஆடாத கலைமாலை மேடையில் நானும் பேசமாட்டேன்.

ஒப்பனைப் பிரிவினரே, அறிவிப்பிலுள்ள அந்த ஒரு வரியை இன்று மாலைக்குள் நீக்குங்கள். சவுரி நிற்காதென்றால் அவளுடைய சொந்தப் பின்னல்களில் பூச்சரத்தைச் சுற்றுங்கள். பிள்ளையைக் கேளாமல் அவள் தலையைத் தொடாதீர்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளையின் தலை நேராக இருக்கிறதென்று வாளாவிருந்துவிடாமல் இப்போதே தொலைபேசியை எடுத்துக் குழுவினரிடம் சொல்லுங்கள். நீக்கிய செய்தியை எனக்கு அறிவிக்கவேண்டியதில்லை. அடுத்த அறையில் இனியா தன் நடன உடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளை அழைத்து, ஞாயிறு காலை ஒத்திகைக்கு வந்து முன்வரிசையில் நிற்கச் சொல்லுங்கள்.

நீ கிடந்த வயிற்றில் உனக்கு முன் கிடந்தவள்,
உன் மகளுக்குப் பெரியம்மா,
உன் அக்கா திருமகள்