ஒரு "ம்"முக்கு என்ன அர்த்தம்

ஜூன் 3

அன்புள்ள உங்களுக்கு,

நன்றாகத் தூங்குகிறேன், ஆகவே நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மழை விட்டபாடில்லை. அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவான அழைப்புகளைக் கேட்டால், முன்பின் தெரியாதவர்கள் என் தலைக்குள் வந்து உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. எங்கள் விற்பனை ஆள் காப்பீட்டுத் திட்டத்தை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். மறுமுனையில் ஒரு பெண் எதையோ கிளறிக்கொண்டே "ம்" என்பாள். அதைச் சம்மதம் என்று குறிப்பது என் வேலை. அன்றிலிருந்து மாதாமாதம் அவள் கணக்கில் பணம் கழியும்.

இப்போது அதில்தான் வினை. பணம் போனவர்கள் காப்பீட்டு ஆணையத்தில் எங்கள் நிறுவனத்தின் மேல் புகார் கொடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளர் தெளிவாகச் சம்மதித்திருக்க வேண்டும் என்பது விதி. இல்லையென்றால் அபராதம், உரிமமே போகலாம். மேலாளர் கூப்பிட்டு, "நம்ம மொழியில 'ம்'னா சரின்னுதானேம்மா அர்த்தம்? விசாரணையில வந்து அதை மட்டும் சொல்லிடு" என்றார். சொன்னால் பதவி உயர்வாம். என்ன செய்யட்டும்?

உங்கள் தூங்குமூஞ்சி

ஜூன் 14

என் அருமைத் தூங்குமூஞ்சிக்கு,

இதற்குப் போய் யோசனையா? "ம்" என்றால் சரிதான். உன்னுடைய ஒரு "ம்"மை நம்பித்தானே நான் கடல் தாண்டி வந்தேன்! அன்று மத்தியானம் என் மடியில் படுத்திருந்தாய். கப்பல் கட்டும் தளத்தில் வேலை கிடைத்திருக்கிறது, நான் முதலில் போகிறேன், நீ பின்னாலேயே வந்துவிடு, அங்கேயே இருந்துவிடலாம் என்றேன். "ம்" என்றாய். மறுநாளே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இங்கே காலையில் மூடுபனி இறங்கினால் கடல் தெரியாது, கப்பல்கள் வானத்தில் நிற்பது போலிருக்கும். உனக்குப் பிடிக்கும். ஜன்னலுக்கு நீலத் திரை வாங்கிவிட்டேன். கட்டிலில் உன் பக்கத்தை விட்டுத்தான் படுக்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சாக்கு சொல்லாமல் எப்போது வருகிறாய் என்று எழுது.

உன்னவன்

ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

விசாரணை முடிந்தது. அந்தப் பெண்ணின் குரலை அறை முழுக்கக் கேட்கும்படி ஒலிக்கவிட்டார்கள். "ம்... ம்..." கேட்கக் கேட்க எனக்கே கண் செருகியது. அப்போதுதான் அது என் குரல் மாதிரியே இருப்பது உறைத்தது. அதிகாரி அர்த்தம் கேட்டார்.

"'ம்'னா கேட்டுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். கதை கேக்குற குழந்தையும்தான் ம் கொட்டுது. அதுக்காக எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டதா ஆயிடாது" என்றேன்.

மேலாளர் அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. தொலைபேசி விற்பனையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. எனக்கும் சீட்டுக் கிழிந்தது.

இனி என்ன தடை, கிளம்பி வா என்பீர்கள். தடை ஒன்றும் இல்லை, மனமில்லை. அந்த மத்தியானம் உங்கள் குரல் சுகமாக இருந்தது, கேட்டுக்கொண்டே கிடந்தேன். நீங்கள் என்ன கேட்டீர்கள் என்றே எனக்குத் தெரியாது. நான் எழுந்து உட்கார்ந்த பிறகு நீங்கள் இன்னொரு முறை கேட்கவும் இல்லை. உங்கள் மேல் ஆசை குறையவில்லை. ஆனால் அங்கே வந்து வாழ எனக்கு விருப்பமில்லை. இதை நன்றாக விழித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

உங்கள் மனைவி

ஜூலை 20

அன்புள்ள உனக்கு,

உன் கடிதம் வந்த அன்று கோபத்தில் இரண்டு பேரிடம் எரிந்து விழுந்தேன். பிறகு கப்பல் அடித்தளத்தில் படுத்து வெல்டிங் வைக்கும்போது யோசித்தேன். உன் மேலாளரை ஏசுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டு கப்பலேறியவன் நான்.

ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இங்கே சம்மதித்துவிட்டார்கள். அந்த வீட்டில் எனக்கு இன்னும் இடம் இருக்கிறதா? நான் திரும்பி வரலாமா? எந்தப் பதிலானாலும் முழு வாக்கியமாக எழுது. அவசரமில்லை, நிதானமாக யோசி.

பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கேட்டுக்கொண்டிருக்கும்,
நான்