பக்கத்து வீட்டு அக்கா

அண்ணி,

குலாய் ஓட்டப் பந்தயத்தில் நீங்கள் நெஞ்சில் குத்தியிருந்த எண் அட்டை என் மேசைமேல் கிடக்கிறது. நான்கு மூலையிலும் ஊக்குத் துளைகள், கொஞ்சம் துருக்கறை. உங்கள் துணிமணிகளை எடுத்துவைக்கும்போது அகப்பட்டதாம். "நீங்க ரெண்டு பேரும் ஓடுனதுதானே, நீயே வச்சிக்க" என்று அண்ணன் போன வாரம் கொடுத்தார். நல்லவேளை, அவர் திருப்பிப் பார்க்கவில்லை. பின்பக்கத்தில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில், உங்கள் குண்டு எழுத்தில் என் பெயரும் கைப்பேசி எண்ணும். உறவு என்ற கட்டத்தில் மலாயில் 'ஜீரான்' என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரி.

நான் உங்கள் கணவரின் கூடப்பிறந்த தங்கை. ஆறு வருடம் ஒரே வீட்டில் உங்கள் கையால் சாப்பிட்டவள். உங்களை அப்படி எழுத வைத்தவளும் நான்தான்.

கிளினிக்கில் உங்களுக்கு இனிப்பு நீர் வியாதி என்று சொன்ன மறுவாரம், "பாப்பா, நானும் உன்கூட ஓட வரட்டா?" என்று கேட்டீர்கள். பள்ளிக் கேண்டீனில் நாள் முழுக்க நின்ற கால்கள். வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து, வெளுத்த பஞ்சாபி சூட், இடுப்பில் முடிந்த ஒரு பிளாஸ்டிக் பை. பை எதற்கு என்றால், "வழியில என்ன கெடைக்குமோ, யாரு கண்டா" என்றீர்கள். கிடைக்கத்தான் செய்தது. செடெனாக் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் முருங்கைக்கீரை, பாண்டான் இலை, ஒரு தடவை வேலிக்கு மேலாக யாரோ நீட்டிய சுண்டைக்காய்க் கொத்து. "பாப்பா, இங்க பாரேன்" என்று நீங்கள் நிற்கும்போதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரத்தை நிறுத்துவேன். நீங்கள் காட்டியது குழாயடியில் குளிக்கும் மைனாவாக இருக்கும், இல்லையென்றால் யார் வீட்டு வாசலிலோ காயும் குழந்தைச் சட்டையாக இருக்கும். என் நேரம் கெடுகிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

ஜொகூர் பாருவில் என் ஓட்டக் குழுவை உங்களுக்குத் தெரியும். எல்லாரும் அலுவலக வேலைக்காரர்கள், சப்பாத்து விலையைப் பேசியே பசியாறுகிறவர்கள். அவர்களில் ஒருத்தியாக இருப்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. பத்து பாகாட் ஊரில் நடந்த பந்தயத்துக்கு உங்களையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். நான் முன்பே முடித்துவிட்டு, கழுத்தில் பதக்கத்தோடு அவர்கள் நடுவே நின்றிருந்தேன். கிட்டத்தட்டக் கடைசியாக நீங்கள் வந்தீர்கள். சூட் முழுக்க வியர்வை, கையில் புடைத்த பை, வாய் கொள்ளாத சிரிப்பு. "பாப்பா! முடிச்சிட்டேன் பாப்பா!"

குழுத் தலைவி சுமதி சிரித்துவிட்டாள். "அலமாக், பாசாருக்குக் காய் வாங்கப் போய்ட்டு வர்றாங்க போல! யாருலா அது, உனக்குத் தெரிஞ்சவங்களா?" அவள் கேலியில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

"பக்கத்து வீட்டு அக்கா" என்றேன். என் வாய் கூசவே இல்லை, அண்ணி.

நீங்கள் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டிருந்தீர்கள். சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் என்மேல் ஒரு கணம் நின்றது. பிறகு சுமதியிடம் திரும்பி, "ஆமாம்மா, பக்கத்து வீடுதான். கார்ல எடம் இருக்குன்னு சொன்னாங்க, தொத்திக்கிட்டு வந்துட்டேன்" என்றீர்கள். சொன்னாங்க! அதுவரை எனக்கு 'நீ, வா, போ'தான். அந்த மரியாதை எனக்கு அறை விழுந்தது போல இருந்தது.

திரும்பும் வழியில் ஆயர் ஹீத்தாம் வரை நீங்கள் கீரை ஆய்ந்துகொண்டே வந்தீர்கள். "அண்ணன்கிட்ட இதையெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காத. மனசு கஷ்டப்படுவாரு" என்றீர்கள். அவ்வளவுதான். காரை ஓரமாக நிறுத்தி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் வானொலிச் சத்தத்தைக் கூட்டினேன்.

அதற்குப் பின் இரண்டு வருடம், வீட்டில் 'பாப்பா', குழுவின் முன்னால் 'நீங்க'. ஒருமுறைகூட உங்களுக்குத் தவறவில்லை. குலாயில் இந்த அட்டையை நிரப்பும்போது உறவு என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தீர்கள். சுற்றிலும் அவர்கள் நின்றார்கள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பிறகு டிங்கிக் காய்ச்சல். நாலே நாள். உங்களுக்கு வாய்க்கரிசி போட்ட அதே கையால் அன்று குழுவுக்குச் செய்தி அனுப்பினேன்: 'நம்மோடு ஓடிக்கொண்டிருந்த என் பக்கத்து வீட்டு அக்கா தவறிவிட்டார்.' எல்லாரும் அனுதாபம் சொன்னார்கள். நான் நன்றி சொன்னேன். இப்படியும் ஒருத்தி இருப்பாளா, அண்ணி?

அட்டையைப் பார்த்த பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. நேற்றுக் காலை செடெனாக் சாலையில் ஓடும்போது சுமதியிடம் சொல்லிவிட்டேன். "அந்த அக்கா என் அண்ணி. என் சொந்த அண்ணனோட மனைவி."

அவள் ஓட்டத்தை நிறுத்தவில்லை. "தெரியும்லா" என்றாள். "பத்து பாகாட்லயே தெரியும். கழிவறை வரிசையில நிக்கிறப்போ அவங்களே எங்க எல்லார்கிட்டயும் சொன்னாங்க. 'அவ என் நாத்தனாரு, ஏதோ யோசிக்காம சொல்லிட்டா. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க, புள்ள கூனிக் குறுகிப் போயிடும்'னாங்க."

அப்படியானால் என் செய்தியையும் எல்லாரும் தெரிந்துதான் படித்திருக்கிறார்கள். இவ்வளவு நாளும் நான் தலை நிமிர்ந்து அவர்கள் நடுவே நின்றது, நீங்கள் எனக்காகக் கேட்டு வாங்கி வைத்த மரியாதையில். நான் ஓடுகிற தூரமெல்லாம் இனி அதுவும் என்னோடு வரும்.

நேற்று மீதி வழியை என்னால் ஓட முடியவில்லை. சுமதியும் என்னோடு நடந்தாள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கார் வரைக்கும் அவள் கேட்கவே இல்லை. நீங்கள் கேட்டுக்கொண்டதை இன்னும் காப்பாற்றுகிறாள், அண்ணி.